வீட்டில் ஆர்கெஸ்ட்ரா சரியாகக் கேட்கவில்லையா? அறிகுறியைப் பார்த்துப் பழுதைப் பிடிக்கும் வழி

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், ரிசர்வாயர் ஹில்ஸ் பக்கம் நம்மவர் வீடுகளுக்கு ஆம்ப் (ஒலியைப் பெருக்கும் பெட்டி), டர்ன்டேபிள் (இசைத்தட்டைச் சுழற்றும் கருவி), ஸ்பீக்கர் பார்க்கப் போய்ப் போய்ச் சேர்ந்த குறிப்புகள் இவை. வீடு மாறும், பெட்டியின் விலை மாறும், பழுது மட்டும் திரும்பத் திரும்ப அதேதான்.

மேற்கத்திய சிம்பொனி ஆர்கெஸ்ட்ரா கேட்பவர்கள்தான் என்னை அதிகம் கூப்பிடுகிறார்கள். அதற்குக் காரணம் உண்டு. சினிமாப் பாட்டில் தாளம் ஓயாமல் ஓடும். சின்ன உறுமல் அதற்குள் மறைந்துவிடும். சிம்பொனியில் ஓபோ என்ற ஒற்றைக் குழல் தனியாக வாசிக்கும் இடம் வரும், அப்போது உறுமல் முன்னால் வந்து நிற்கும். அடுத்த நிமிடம் நூறு பேர் சேர்ந்து முழங்குவார்கள், அங்கே ஊசியும் ஆம்பும் ஸ்பீக்கரும் ஒன்றாகச் சோதிக்கப்படும்.

தொடங்கும் முன் ஒரு விதி. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மாற்றியதும் அதே இசைத்தட்டின் அதே இடத்தைக் கேளுங்கள். இரண்டை ஒன்றாக மாற்றினால் எது சரியானது என்று தெரியாமலே போய்விடும். ஒயரைக் கழற்றும்போதும் மாட்டும்போதும் ஆம்ப் அணைந்திருக்க வேண்டும்.

உறுமல் நிற்கவே இல்லை

முதலில் எந்த உறுமல் என்று காதால் பிரித்துக்கொள்ளுங்கள். நம் மின்சாரம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். ஆழமாக, மிருதுவாக "ம்ம்ம்" என்றால் அது 50 ஹெர்ட்ஸ். பெரும்பாலும் எர்த், ஒயர் சம்பந்தப்பட்டது. சற்று மேலே, வண்டு பறப்பதுபோல் "ர்ர்ர்" என்றால் 100 ஹெர்ட்ஸ். ஆம்புக்குள் மின்சாரத்தைத் தேக்கிவைக்கும் பெரிய கெப்பாசிட்டர்கள் களைத்துப்போயிருக்கலாம். ஸ்பீக்கரிலிருந்து வராமல் பெட்டியிலிருந்தே வந்தால் அது மூன்றாவது வகை, கீழே சொல்கிறேன்.

டர்ன்டேபிளைத் தேர்ந்தெடுத்தால் மட்டும் உறுமுகிறதா? பின்னால் கருப்பாகவோ பச்சையாகவோ மெல்லிய எர்த் ஒயர் ஒன்று தொங்கும். அது ஆம்பின் எர்த் திருகில் இறுகியிருக்கிறதா பாருங்கள். பாதி வீடுகளில் என் வேலை இங்கேயே முடிந்துவிடும். கடல் காற்றில் அந்தத் திருகு பச்சை பூத்துவிடுகிறது; மேலே இறுக்கமாகத் தெரியும், உள்ளே தொடர்பு இருக்காது. கழற்றி, நைஸான உப்புத்தாளால் ஒயர் முனையையும் திருகையும் தேய்த்துவிட்டு மாட்டுங்கள். அடுத்து, டர்ன்டேபிள் ஆம்பின் பக்கத்தில் ஒட்டி நிற்கிறதா? ஊசி பொருத்திய கார்ட்ரிட்ஜிலிருந்து வருவது சில மில்லிவோல்ட்தான். மூவிங் காயில் வகையென்றால் ஒரு மில்லிவோல்ட்டுக்கும் கீழே. பெரிய டிரான்ஸ்ஃபார்மர் பக்கத்தில் இருந்தால் அதன் காந்தப்புலத்தைக் கார்ட்ரிட்ஜுக்குள் இருக்கும் கம்பிச்சுருள் உறிஞ்சிக்கொள்ளும். அரை மீட்டர் தள்ளி வைத்துக் கேளுங்கள்.

எதைத் தேர்ந்தெடுத்தாலும் உறுமுகிறதா? எல்லா ஒயரையும் ஆம்பின் பின்னாலிருந்து கழற்றி, ஸ்பீக்கரை மட்டும் விட்டுவிட்டு ஆன் செய்யுங்கள். அமைதியானால் ஒவ்வொன்றாக மாட்டுங்கள். எதை மாட்டியதும் உறுமல் வருகிறதோ அதுதான் ஆள். என் அனுபவத்தில் அது டிவி டீகோடரிலிருந்து வரும் ஒயர். கூரையில் உள்ள டிஷ் ஒரு பக்கம் எர்த் ஆகியிருக்கும், ஆம்ப் இன்னொரு பக்கம். இரண்டு எர்த்தும் சேர்ந்து ஒரு வளையம் ஆகிவிடும். இதற்கு மலிவான தீர்வு ஆப்டிகல் கேபிள். அதில் போவது வெளிச்சம், மின்சாரம் இல்லை; வளையம் அறுந்துவிடும். ஆம்பில் ஆப்டிகல் வசதி இல்லையென்றால் டிஜிட்டல் சிக்னலை ஆம்புக்கு ஏற்றபடி மாற்றித் தரும் சின்ன டிஏசி பெட்டி ஒன்று போதும். எல்லாவற்றையும் ஒரே மல்டிபிளக்கில் செருகிப் பார்ப்பதும் பலருக்கு உதவியிருக்கிறது.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள். பிளக்கின் எர்த் முள்ளை வெட்டுவது, அல்லது பிளக்கைத் திறந்து பச்சை மஞ்சள் ஒயரைக் கழற்றிவிடுவது. உறுமல் உடனே நிற்கும், அதனால்தான் பலர் இதைச் சொல்லிக்கொடுக்கிறார்கள். நாளை உள்ளே ஒரு ஒயர் அறுந்து பெட்டியில் பட்டால், முதலில் ஆம்பைத் தொடுபவர் உடல் வழியாகத்தான் மின்சாரம் இறங்கும். வீட்டு மின்பலகையான டிபி போர்டில், மின்கசிவைக் கண்டால் மின்சாரத்தை வெட்டும் எர்த் லீக்கேஜ் சுவிட்ச் இருக்கிறதே என்பார்கள். அது தடுக்கும், ஆனால் ஆளைத் தாக்கிய பிறகுதான் தடுக்கும்.

எதுவும் மாட்டாமலே உறுமினால், அதுவும் 100 ஹெர்ட்ஸ் ஒலியானால், உள்ளே கெப்பாசிட்டர் வேலை. இருபது, முப்பது வருடப் பழைய ஆம்பில் இது இயல்பு. இங்கே நிறுத்திவிட்டுத் தொழில்நுட்பரைக் கூப்பிடுங்கள். அணைத்த பிறகும் அந்தக் கெப்பாசிட்டர்களில் மின்சாரம் தங்கியிருக்கும். கண்ணாடிக் குழல்களால் ஓடும் வால்வ் ஆம்ப் என்றால் உள்ளே 400 வோல்ட்டும் அதற்கு மேலும் இருக்கும். மூடியின் திருகைக்கூடத் தொட வேண்டாம்.

பெட்டியே உறுமினால், அது லோட் ஷெட்டிங் என்ற முறைவைத்த மின்வெட்டு நேரத்தில், இன்வெர்ட்டரில் ஓடும்போது மட்டுமா என்று கவனியுங்கள். மலிவு இன்வெர்ட்டர்கள் அலையைப் படிக்கட்டு மாதிரி வெட்டித் தருகின்றன. டிரான்ஸ்ஃபார்மருக்கு அது பிடிக்காது, அதிரும். தூய சைன் வேவ் இன்வெர்ட்டரில் இது வராது. எப்போதுமே பெட்டி அதிர்ந்தால், டிரான்ஸ்ஃபார்மரைப் பிடித்திருக்கும் ஆணி தளர்ந்திருக்கலாம். அதுவும் தொழில்நுட்பர் வேலைதான், ஆனால் சின்ன வேலை.

ஒரு பக்கம் மட்டும் கேட்கிறது, அல்லது ஒன்றுமே கேட்கவில்லை

சாட்ஸ்வொர்த்தில் ஒரு பாட்டி வீடு. கணவர் விட்டுப்போன ஜப்பானிய ஆம்ப், எழுபதுகளின் கனத்த பெட்டி. "ஆம்ப் போய்விட்டது, புதிது வாங்குங்கள்" என்று ஒரு கடையில் சொல்லியிருக்கிறார்கள். "அவர் போன பிறகு அதைத் துடைத்துத்தான் வைத்தேன் தம்பி, வேறு எதுவும் செய்யவில்லை" என்றார். துடைக்கும்போதுதான் நடந்திருக்கிறது. முகப்பில் டேப் மானிட்டர் என்று ஒரு பொத்தான், பஞ்சுத்துணி பட்டு உள்ளே போயிருந்தது. அது அழுந்தினால் ஆம்ப் டேப் டெக்கிலிருந்து வரும் ஒலிக்காகக் காத்திருக்கும். டெக் இல்லாத வீட்டில் நிசப்தம்தான். விரலால் ஒரு தட்டு. அன்று மாலை முழுவதும் பாட்டி என்னை விடவில்லை.

ஆகவே சத்தமே இல்லையென்றால்: டேப் மானிட்டர் வெளியே இருக்கிறதா, ஸ்பீக்கர் ஏ, பி தேர்வு சரியா, ஹெட்ஃபோன் செருகியபடியே இருக்கிறதா. ஒரு பக்கம் மட்டும் இல்லையென்றால் பேலன்ஸ் குமிழ் நடுவில் இருக்கிறதா. இவை செலவில்லாதவை.

அதற்கு மேல் இடவலம் மாற்றிப் பாருங்கள். ஆம்பின் பின்னால் ஸ்பீக்கர் ஒயர்களை இடம் மாற்றுங்கள். ஊமைப் பக்கம் அதே ஸ்பீக்கரில் நின்றால் பழுது ஸ்பீக்கரிலோ அதன் ஒயரிலோ. ஊமை மறுபக்கம் தாவினால் பழுது அதற்கு முன்னால். அடுத்து சிடி அல்லது டர்ன்டேபிளின் சிவப்பு, வெள்ளை முனைகளை மாற்றுங்கள். இப்போதும் தாவினால் பழுது அந்தக் கருவியில், தாவாவிட்டால் ஆம்பில். பத்து நிமிடத்தில் ஆளைப் பிடித்துவிடலாம்.

டர்ன்டேபிள்தான் என்றால் கார்ட்ரிட்ஜின் பின்னால் நான்கு மெல்லிய ஒயர்கள் இருக்கும்: வெள்ளையும் நீலமும் இடது, சிவப்பும் பச்சையும் வலது. தளர்ந்ததைக் குறடால் மெதுவாகத் தள்ளுங்கள். ஊசி உறையை முதலில் போட்டுவிடுங்கள், கை நடுங்கினால் ஊசி போய்விடும்.

ஆம்ப்தான் என்றால் ஒரு சோதனை. வால்யூமைச் சற்று ஏற்றினால் ஊமைப் பக்கம் திடீரென்று விழித்துக்கொண்டு, இறக்கிய பிறகும் கேட்கிறதா? உள்ளே ரிலே என்ற தானியங்கிச் சுவிட்சோ கைச்சுவிட்சோ கறுத்துவிட்டது. கடலோர ஊரில் இது ரொம்பச் சாதாரணம். குமிழைத் திருகும்போது கரகரத்தால், ஆம்பை அணைத்துவிட்டு அந்தக் குமிழை முழுக்க இடதும் வலதும் இருபது, முப்பது முறை திருப்புங்கள். பாதிக் கரகரப்பு போய்விடும். மீதிக்குக் கான்டாக்ட் கிளீனர் வேண்டும். பூட்டுக்கு அடிக்கும் எண்ணெய் ஸ்ப்ரேயை மட்டும் உள்ளே அடிக்காதீர்கள்.

முழங்கும் இடத்தில் உடைகிறது

இதைப் பற்றித்தான் எனக்கு அதிகம் சொல்ல இருக்கிறது. மெல்லிய இடமெல்லாம் அழகாக இருக்கும். டிராம்போன் ஊதுகுழல்களும் டிம்பனி முரசுகளும் எழும் இடத்தில் கண்ணாடித்தூள் தூவியதுபோல் ஆகிவிடும்.

முதலில், அதே மாதிரி முழக்கம் சிடியிலோ போனிலிருந்தோ வரும்போதும் உடைகிறதா? இல்லையென்றால் குற்றவாளி டர்ன்டேபிள்.

ஊசி முனையைக் கைப்பேசி வெளிச்சத்தில் பாருங்கள். சாம்பல் நிறத்தில் பஞ்சு உருண்டை ஒட்டியிருக்கும். மென் தூரிகையால் பின்னாலிருந்து முன்னால், ஒரே திசையில் துடைக்க வேண்டும். பிறகு எடை. "தட்டு தேயக்கூடாது" என்று ஊசியைத் தாங்கும் கையான டோன் ஆர்மின் எடையைக் குறைத்து வைப்பவர்கள் நிறைய. நல்லெண்ணம்தான், ஆனால் விளைவு தலைகீழ். எடை குறைந்தால் சத்தமான இடத்தில் ஊசி பள்ளத்தின் சுவரோடு ஒட்டாமல் குதித்துக் குதித்து இடிக்கும்; பள்ளத்தைக் கெடுப்பது அதுதான். கார்ட்ரிட்ஜ் தயாரிப்பாளர் சொன்ன எடையை வையுங்கள், பெரும்பாலும் ஒன்றரை முதல் இரண்டரை கிராமுக்குள் இருக்கும். அதற்கென்று விற்கும் சின்னத் தராசின் விலை ஒரு இசைத்தட்டின் விலைகூட வராது.

தட்டின் வெளி ஓரம் நன்றாக இருந்து, நடுவை நெருங்க நெருங்க உடைகிறதா? தட்டு சுற்றும் வேகம் ஒன்றுதான், ஆனால் ஊசிக்கு அடியில் பள்ளம் ஓடும் வேகம் வெளி ஓரத்தில் விநாடிக்கு சுமார் 51 சென்டிமீட்டர், கடைசியில் 21 மட்டும். அதே இசையை இடுக்கில் திணித்து எழுதியிருக்கிறார்கள். சிம்பொனிகளோ கடைசியில்தான் உச்சத்தைத் தொடும். ஆகவே கார்ட்ரிட்ஜ் கோணம் கொஞ்சம் தவறியிருந்தாலும் முதலில் அங்கேதான் தெரியும். காகிதத்தில் அச்சிட்ட அளவுகோல் வைத்துச் சரிசெய்யலாம். ஒரு ஞாயிறு மதியம் ஒதுக்குங்கள்.

எல்லாம் சரி, ஆனாலும் உடைகிறது என்றால் ஊசி தேய்ந்திருக்கும். 500 முதல் 1000 மணி நேரம் என்று கணக்கு. தினம் ஒரு தட்டு கேட்பவருக்கு இரண்டு, மூன்று வருடம். புது ஊசி போட்டும் ஒரே ஒரு தட்டு மட்டும் உடைந்தால், அந்தத் தட்டைத் தேய்ந்த ஊசி ஏற்கெனவே கெடுத்துவிட்டது. அதற்கு மருந்தில்லை.

சிடியிலும் உடைந்தால் ஆம்பும் ஸ்பீக்கரும். ஹெட்ஃபோனில் சுத்தமாக இருக்கிறதா கேளுங்கள். சுத்தமென்றால் ஸ்பீக்கர், அல்லது ஆம்பால் அந்த ஸ்பீக்கரை இழுக்க முடியவில்லை. கணக்கு இப்படி: 10 டெசிபல் ஏற்றத்துக்குப் பத்து மடங்கு வாட் வேண்டும். மெல்லிய இடத்தில் ஒரு வாட் செலவாகிறது என்றால், 20 டெசிபல் உயரும் முழக்கத்துக்கு நூறு வாட். நாற்பது வாட் ஆம்ப் அங்கே மூச்சுத் திணறி அலையின் தலையை வெட்டிவிடும். வால்யூமைக் குறைத்தால் உடைப்பு முழுக்கப் போய்விட்டால் இதுதான் காரணம். அப்படியே தொடர்ந்து கேட்டால் முதலில் எரிவது டுவீட்டர், அதாவது உச்ச ஒலியைத் தரும் சின்ன ஸ்பீக்கர்.

குறைத்த சத்தத்திலும் உடைந்தால் ஸ்பீக்கர் முன்வலையைக் கழற்றிக் கூம்பின் விளிம்பைப் பாருங்கள். ஃபீனிக்ஸில் ஒரு வீட்டில் அப்படித்தான் விளிம்பை ஒற்றை விரலால் தொட்டேன். அழுத்தவே இல்லை. வெல்லப்பாகு மாதிரி ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது. சுற்றிலும் கருப்புத் துகள், கூம்பு காற்றில் தொங்கிக்கொண்டிருந்தது. ஃபோம் விளிம்புகள் நம் ஊர் ஈரத்தில் பத்து, இருபது வருடத்தில் இப்படித்தான் உதிரும். ரப்பர் விளிம்பு பல காலம் தாங்கும். ஃபோம் போனதற்காக ஸ்பீக்கரை எறியாதீர்கள், விளிம்பு மட்டும் வாங்கி ஒட்டலாம், பொறுமை உள்ளவர் வீட்டிலேயே செய்யலாம். ஆனால் இரண்டு கை விரல்களாலும் கூம்பைச் சமமாக உள்ளே தள்ளும்போது "சர்" என்று உரசினால், அல்லது கருகிய வாடை வந்தால், கூம்பை அசைக்கும் கம்பிச்சுருளான வாய்ஸ் காயில் போய்விட்டது. அது தொழில்நுட்பருக்கு.

டபுள் பாஸ் காணோம்

அரங்கில் நம் மாகாண ஆர்கெஸ்ட்ராவான குவாசுலு-நாட்டால் ஃபில்ஹார்மோனிக் வாசிக்கும்போது டபுள் பாஸ் காதுக்கு வருவதற்கு முன் பலகை வழியாகக் காலுக்கு வரும். அந்த நினைவோடு வீட்டுக்கு வந்து கேட்டால் எல்லாம் வயலினாகவே இருக்கிறது என்கிறார்கள். நாலு தந்தி டபுள் பாஸின் கடைசித் தந்தி 41 ஹெர்ட்ஸ். நடுத்தர ஸ்பீக்கரால் அதில் பெரும்பகுதியைத் தர முடியும்.

சந்தேகப்பட வேண்டியது ஒயர். ஒரு ஸ்பீக்கரில் மட்டும் கூட்டலும் கழித்தலும் மாறியிருந்தால், ஒரு கூம்பு முன்னே வரும்போது மற்றது பின்னே போகும், கீழ் ஒலி ஒன்றையொன்று தின்றுவிடும். ஒரே ஒரு ஸ்பீக்கரில் சிவப்பையும் கருப்பையும் மாற்றிக் கேளுங்கள். அடிநாதம் கூடினால் அதுவே சரி. சந்தேகமிருந்தால் ஸ்பீக்கரை ஆம்பிலிருந்து கழற்றிவிட்டு, ஒன்றரை வோல்ட் பாட்டரியின் கூட்டலைச் சிவப்பிலும் கழித்தலைக் கருப்பிலும் ஒரு நொடி தொடுங்கள். இரண்டு கூம்பும் முன்னே வர வேண்டும்.

ஒயர் சரியென்றால் நாற்காலி. எழுந்து சுவர்ப் பக்கம் நடந்து பாருங்கள். அங்கே பாஸ் குவிந்து கிடந்தால், நீங்கள் அறையில் பாஸ் அடங்கிப்போகும் இடத்தில் உட்கார்ந்திருக்கிறீர்கள். சோஃபாவை ஒரு அடி நகர்த்துவதுதான் சிகிச்சை. இதற்குப் போய் ஆயிரக்கணக்கான ராண்டுக்கு ஒயர் வாங்க வேண்டாம்.

வயலின் எல்லாமே வலப்பக்கம் கேட்கிறதே என்றால் இடவலம் மாறியிருக்கிறது. பாஸ் மட்டும் எதிர்பாராத இடத்தில் கேட்டால் பதறாதீர்கள். வியன்னா ஃபில்ஹார்மோனிக் தன் ஊர் மண்டபத்தில் டபுள் பாஸைப் பின்வரிசையில், நடுவில் நிறுத்தும்.

சுருதி ஆடுகிறது

விநாடி முள்ளோடு கவனியுங்கள். 33⅓ சுற்றுத் தட்டு ஒரு சுற்று வர 1.8 விநாடி. ஆட்டம் அந்த இடைவெளியில் வந்தால் தட்டின் துளை மையத்தில் இல்லை. டோன் ஆர்ம் இடமும் வலமும் அசைவது கண்ணுக்கே தெரியும். ஒழுங்கில்லாமல் ஆடினால் பெல்ட். வெயில் படும் ஜன்னலோரம் டர்ன்டேபிள் இருந்தால் பெல்ட் நீண்டுவிடும். துடைத்துப் பாருங்கள், பிறகு புதிது.

எல்லாமே மெதுவாக, சோகமாக ஓடினால்? அமெரிக்காவிலிருந்து உறவினர் கொண்டுவந்த டர்ன்டேபிளா என்று கேட்பேன். சின்க்ரனஸ் மோட்டாரின் வேகம் மின்சாரத்தின் ஹெர்ட்ஸைப் பொறுத்தது; 60 ஹெர்ட்ஸுக்குச் செய்தது நம் 50 ஹெர்ட்ஸில் ஆறில் ஐந்து பங்கு வேகத்தில்தான் சுற்றும். வோல்ட்டேஜ் டிரான்ஸ்ஃபார்மர் வைத்தாலும் வேகம் மாறாது. மோட்டாரில் பெல்ட் ஓடும் சக்கரத்தை, அதாவது புல்லியை, 50 ஹெர்ட்ஸுக்கு உரியதாக மாற்ற வேண்டும்.

பொரிகிற சத்தம்

கோடையில் இங்கே அலமாரிக்குள்ளும் ஈரம் ஏறும், தட்டில் வெள்ளைப் புள்ளியாகப் பூஞ்சை பிடிக்கும். டிஸ்டில்டு தண்ணீரில் நனைத்த மைக்ரோஃபைபர் துணியால் பள்ளத்தின் வழியே துடைத்து, நிழலில் நிற்க வைத்துக் காய விடுங்கள். தாத்தா காலத்து 78 சுற்றுத் தட்டுகள் என்றால் ஆல்கஹால் கலந்த திரவம் ஒரு சொட்டும் கூடாது. அவை ஷெல்லாக் என்ற அரக்கு, ஆல்கஹாலில் கரைந்துவிடும். எல்பி (33⅓ சுற்றுத் தட்டு) ஊசியால் அவற்றை ஓட்டவும் கூடாது, அவற்றின் பள்ளம் மிகவும் அகலம்.

ஆம்ப் தானாக அணைகிறது

கறிவேப்பிலைக் காம்பைவிட மெல்லிய ஒரு செம்பு இழை. அதைத்தான் முதலில் தேடுகிறேன். ஸ்பீக்கர் ஒயரை முறுக்காமல் செருகினால் ஒரு இழை பிரிந்து பக்கத்து முனையைத் தொடும். ஆம்ப் தன்னைக் காத்துக்கொள்ள அணைந்துவிடும். டார்ச் அடித்துப் பாருங்கள். அடுத்து காற்றோட்டம்: மேலே விரித்த துணியை எடுங்கள். அரைமணி கழித்து மட்டும் அணைந்தால் சூடுதான்.

ஸ்பீக்கர் எல்லாம் கழற்றிய பிறகும் அணைந்தால், மல்டிமீட்டரை டிசியில் வைத்து ஸ்பீக்கர் முனைகளில் அளவெடுங்கள். சில பத்து மில்லிவோல்ட் வரை கவலையில்லை. நூறைத் தாண்டினால் ஸ்பீக்கரை மாட்டவே கூடாது, தொழில்நுட்பரிடம் கொண்டுபோங்கள். திறந்து பார்த்தால் பல்லி காய்ந்து கிடப்பதும் உண்டு. துளைகளுக்கு உள்ளே சூடாக இருப்பதால் அங்கே போய் ஒண்டுகின்றன. லோட் ஷெட்டிங் அறிவித்திருந்தால் சுவரிலிருந்தே பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். மின்சாரம் திரும்பும் அந்த முதல் நொடிதான் பல ஆம்புகளைக் கொன்றிருக்கிறது.

ஒரே இடத்தில், ஒவ்வொரு முறையும், ஏதோ சத்தம்

எல்லாம் பார்த்தாகிவிட்டது, ஒன்றும் அகப்படவில்லை. இப்போது பதிவையே சந்தேகப்படுங்கள். ஆர்கெஸ்ட்ராவைப் பதிவு செய்வது ஒரு கட்டடத்தையும் சேர்த்துப் பதிவு செய்வதுதான். 1954 வாக்கில் இசைத்தட்டு வெளியிடும் டெக்கா நிறுவனத்தார் ஆர்கெஸ்ட்ராவை நடத்துபவரின் தலைக்கு மேலே மூன்று மைக்கை முக்கோணமாகத் தொங்கவிடும் முறையைக் கொண்டுவந்தார்கள். எல்லாத் திசையிலிருந்தும் கேட்கும் மைக் அவை. மண்டபத்தின் எதிரொலியும், நாற்காலி கிறீச்சிடுவதும், செல்லோக்காரர் மூச்சு இழுப்பதும் அதில் விழும். டெலார்க் வெளியிட்ட சைக்காவ்ஸ்கியின் "1812" என்ற படைப்பின் எல்பியில் பீரங்கி வரும் இடத்தில் ஊசி தாவுவது, பள்ளமே அவ்வளவு பெரிய அலையாக வெட்டப்பட்டிருப்பதால். முழக்கத்துக்கு ஒரு சுற்று முன்னால் அதன் நிழல் மெல்லக் கேட்டால், பக்கத்துப் பள்ளம் கசிகிறது, தட்டின் பிறவிக்குணம்.

ரிசர்வாயர் ஹில்ஸில் ஒரு மாமா மூன்று மாதம் தூக்கமில்லாமல் இருந்தார். ஒரு பழைய லண்டன் பதிவு. மெல்லிய இடத்தில் தரைக்கு அடியில் ஏதோ உருள்வதுபோல் ஒலி. டர்ன்டேபிளுக்கு அடியில் கருங்கல் பலகை வைத்தார், அதன் கீழே ரப்பர் வைத்தார், பெல்ட்டை மாற்றினார். அட்டையைத் திருப்பிப் பார்த்தேன்: கிங்ஸ்வே ஹால். 1984 வரை உலகின் மிகச் சிறந்த பதிவு மண்டபங்களில் ஒன்று, ஆனால் அருகே மண்ணுக்கு அடியில் லண்டன் சுரங்க ரயிலின் பிக்காடில்லி தடம் ஓடியது. அதே பதிவின் சிடியைப் போட்டோம். அதே சுரம், அதே இடம், அதே உருளல். மாமா அப்படியே சாய்ந்து உட்கார்ந்து, இன்னொரு முறை போடச் சொன்னார்.